துப்பு

குன்னூரில் எங்கள் அலுவலகத்தில்
இப்போது யாரும் டீ குடிப்பதில்லை.

பெட்ஃபோர்டுச் சரிவில் தகரக் கூரைக்குக் கீழ்
தேயிலைத் தரகு அலுவலகம்.
நாளுக்கு நூற்றெண்பது கோப்பை
வடக்கு ஜன்னலோரம் வரிசை கட்டும்.
டீயை விட்டால் எங்களுக்கு வேறு வேலை இல்லை.
இருந்தும் ஆளாளுக்கு ஒரு ஃபிளாஸ்க்,
வீட்டு வெந்நீர்.
பாத்ரூமுக்குப் போனாலும் கையோடு போகிறது.

ஆல்துரை செத்துப் பதினேழு நாள்.

மூத்த டேஸ்டர்.
கரண்டியில் அள்ளிச் சுர்ரென்று உறிஞ்சி
நாக்கின் நடுவில் ஒரு கணம் நிறுத்தி
பித்தளைத் தொட்டியில் துப்புவார்.
"வாடல் போதாது."
"புகை."
"நூற்றுப் பதினாறு ரூபாய், அதுவும் அதிகம்."
பின்னாலேயே நடந்து எழுதுவேன்.
பதினோரு வருடம்
இன்னொருவர் எச்சிலுக்கு விலை எழுதியவன் நான்.

துப்புத் தேடி வந்தார் இன்ஸ்பெக்டர் தங்கமாரி.
கோப்பைகளைப் பொதிந்து, தொட்டியையும் மூடி,
கோவைக்கு அனுப்பினார்.
எதிலும் எதுவும் இல்லை என்று தாள் வந்தது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.
கணக்கு சசீந்திரன் முதுகைச் சுவருக்குக் கொடுத்து
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.
கேட்லாக் அடிக்கும் புஷ்பலீலா
நான் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.
ஒரு மாலை பனிக்குள்ளிருந்து கேட்டருகே
பெரிதாக ஏதோ மூச்சு விட்டது.
காட்டெருமை என்று தெரிந்ததும்
எல்லோரும் சிரித்தோம்,
சிரிப்பை யார் முதலில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்தபடி.

"எப்படி உள்ளே போயிருக்கும்?"
தங்கமாரி எல்லோரிடமும் கேட்டது இது ஒன்றுதான்.

உதவத்தான் சொன்னேன்.
கோப்பையில் இருக்காது மேடம்,
அவர் எதையும் விழுங்குவதில்லை.
நாலு மணிக்கு மட்டும்
மாதிரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒரு டம்ளர் பால் டீ, இஞ்சி தட்டிப் போட்டு.

எழுதினார். பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார்.
"சாத்திய கதவுக்குள்ளே
இஞ்சி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூக்கு, மேடம். எங்கள் பிழைப்பே அதுதான்.

அவர் தலையாட்டியது
ஏற்றுக்கொண்ட மாதிரி இல்லை.
வேண்டாம் என்ற மாதிரியும் இல்லை.

அன்று நாலு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பதை
இதுவரை ஏழு முறை சொல்லிவிட்டேன்.
ஏழாவது முறை சொல்லும்போது
எனக்கே நம்பும்படி இருந்தது.
ராத்திரி மட்டும்
கை தானாக எழுந்து மூக்கருகே வருகிறது.
சோப்பு வாசனை. அதற்கடியில்
இஞ்சியா, இல்லை இஞ்சியின் ஞாபகமா,
பதினோரு வருடம் பழகிய மூக்கால்
பிரிக்க முடியவில்லை.

இன்று அவர் கரண்டியை என்னிடம் கொடுத்தார்கள்.
காலை முழுக்க உறிஞ்சினேன், துப்பினேன்.
புஷ்பலீலா பின்னால் நடந்து எழுதினாள்.
நாலு மணிக்கு மாதிரி அறைக்குப் போனேன்.
மேஜையில் ஆவி பறக்க
ஒரு எவர்சில்வர் டம்ளர்.
பால். இஞ்சி.
தூக்கி அடியைப் பார்த்தேன்.
புதிதாக வெட்டிய எழுத்து,
என் பெயர்.

கதவைச் சாத்த மறந்திருக்கிறேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சசீந்திரன், புஷ்பலீலா,
வாட்ச்மேன் ஜோகி, மற்றவர்கள்.
ஓரமாக, நனைந்த குடையோடு தங்கமாரி.
யாரிடமும் ஃபிளாஸ்க் இல்லை.

ஒரு வாய் எடுத்துக்கொண்டேன்.
பழக்கதோஷம், நாக்கின் நடுவில் நிறுத்திவிட்டேன்.

தொட்டி ஓரடி தூரத்தில்.
துப்பினால் அது துப்பு.

வெளியே பனி ஏறுகிறது.
வாய்க்குள் டீ
ஆறிக்கொண்டிருக்கிறது.