கடைசி ரயிலுக்குப் பிறகு

மான்குர்தில் கடைசி லோக்கல் போன பிறகுதான்
என் சிலிக்கான் வாயை மூடும்.
அதுவரை வண்டிக்கொரு நடுக்கம்,
திரையெங்கும் வெள்ளைப் பொரி.
சாவந்த் தரைக்கம்பியை மாற்றிப் பார்த்தார்,
பெட்டியைச் செப்புத் தகட்டால் சுற்றினார்,
கடைசியில் ரயில் நேர அட்டவணையை
அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்.

நான் எடுப்பது இருட்டின் படம்.
மூடிய கண் என்னவெல்லாம்
கண்டதாகச் சொல்கிறதென்று
முதலில் எழுதிவைக்க வேண்டும்.
அதைக் கழித்தால்தான் உலகம்.

கறுப்பு நாடா, அதன்மேல் கறுப்புத் துணி.
அப்படியும் நேற்று ஒரு மூலை வெளுத்தது:
பெட்டிக்குள் கடுகளவு பச்சை விளக்கு.
நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
அதன்மேல் ஒட்டினேன்.
அணைந்தது.

செத்த பிக்சல்கள் பதினேழு.
அத்தனை முகவரியும் மனப்பாடம்.
குடியிருக்கும் தெருவின் பின்கோடுதான்
இன்னும் வாயில் வரவில்லை.

மழை. மைனஸ் இருபதில் குளிர்ந்து கிடக்கிறது சென்சார்.
இரண்டு நாற்பதுக்கு,
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, காங்கிரீட், தகடு
எல்லாவற்றையும் துளைத்து
ஒரு மியூவான்.
ஒன்பது பிக்சலில் சாய்ந்த கீறல்.

கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தேன்.
பெட்டிமேல் குனிந்திருந்த என் இடது தோள் வழியாக
வந்திருக்கிறது.
சொறியக்கூடத் தோன்றவில்லை அப்போது.

விதிப்படி இந்தப் படத்தை நீக்க வேண்டும்;
இருட்டில் கலப்படம் கூடாது.
வேறு பெயரில் சேமித்தேன்.
பெயர் கேட்காதீர்கள்.

சாவந்த் நாற்காலியில் குறட்டை.
நாலு மணிக்குச் சற்றுப் பின்
மீன்கூடைகள் ஏறும் முதல் வண்டி.
திரை மறுபடி
பொரியத் தொடங்கிற்று.