மைனஸ் எண்பது

ஆறு மணிக்கு மின்வெட்டு என்று ஒட்டியிருந்தார்கள்.
நாலே முக்காலுக்கே போய்விட்டது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது,
மூன்றாம் முறை இருமவில்லை.
"டீசல் வரவில்லை" என்றார் காவலர் டுமிசானி,
தானே குடித்துவிட்டதைப்போல் தலையைக் குனிந்து.

வெஸ்ட்வில் குன்று, ஐந்தாம் மாடி.
உறைபெட்டியின் கதவில் மட்டும் சிவப்பாய் எண்கள்:
எழுபத்தெட்டு.
எழுபத்தேழு.
எண் இறங்க இறங்கச் சூடு ஏறும்
தலைகீழ்க் கணக்கு.

மூன்று பேரின் ஆய்வு ஒரே பெட்டியில்.
மேல்தட்டில் ப்ரனேசனின் கடல்முள்ளெலி முட்டைகள்.
நடுவில் நொக்வாண்டாவின் தாய்ப்பால்:
க்வாமாஷு மருத்துவமனை வாசலில்
இருநூற்றுப் பத்துப் பெண்கள் கொடுத்தது,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுக் குப்பி.
அடியில் நான். டொங்காட் கரும்புக்காட்டு மண்,
நாற்பது திட்டு, திட்டுக்கு ஆறு.

ப்ரனேசன் காருக்கு ஓடி
மீன்பிடிக்கும் பெட்டியோடு வந்தான்.
உள்ளே போன ஜூனின் மத்தி வாடை.
உயிர்வேதியியல் துறையில்
உலர்பனி ஒரு வாளி கடனாய்க் கிடைத்தது.
ஒரு வாளிதான்.
எல்லாம் கொள்ளாது என்று யாரும் சொல்லவில்லை.
மூன்று கைபேசி வெளிச்சமும்
பெட்டிக்குள்ளேயே நின்றன.

"என்னுடையது வேண்டாம்" என்றான் ப்ரனேசன்.
"கடல் எங்கும் போய்விடாது."
நொக்வாண்டா எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்,
அது சுலபம்.
மண்ணை மறுபடி தோண்டலாம்.
அந்தப் பிள்ளைகளோ பல் முளைத்து,
சோளக்கூழ் தின்று,
காலைக்கு மாலை க்ரெஷுக்குப் போகின்றன.
அந்தப் பாலை இனி யாரிடம் போய்க் கேட்பது?

என் அடுக்குகளை நானே வெளியே எடுத்தேன்.
கையுறைக்குள் விரல் மரத்தது.
தியாகம் என்று எழுத ஆசைதான்.
ஆனால் இருட்டில், பாலுக்கு அடியில்,
பதினேழாம் திட்டின் ஆறு குப்பிகளைச் செருகினேன்.
மூன்று வருடம் தேடி, இன்னும் பெயர் வைக்காத
என் பூஞ்சை அதில் இருந்தது.
இடம் இருந்தது
என்றுதான் நினைக்கிறேன்.

விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.
டுமிசானி தன் ரொட்டியை நாலாகப் பிய்த்தார்.
ப்ரனேசன் மாங்காய் ஊறுகாய் திறந்து,
நெறியாளர் திங்கட்கிழமை எப்படிக் கனைப்பார் என்று
கனைத்துக் காட்டினான்.
அழ வேண்டியதற்கெல்லாம் சிரித்துத் தீர்த்தோம்.
ஐந்தரைக்குக் குரங்குகள் கூரையிலிருந்து இறங்கி
மீந்த ரொட்டியைத் தணிக்கை செய்தன.

ஆகஸ்டில் அவள் கட்டுரை வெளியானது.
மாதிரிகள்: இருநூற்று நாலு.
அந்த ஒரு வரியை மட்டும்
மூன்று முறை படித்தேன்.

அக்டோபர், முதல் மழை கழிந்த சனிக்கிழமை.
டொங்காட்டில் கரும்பு வெட்டி எரித்த கரிநிலம்.
கூப்பிடாமலே வந்திருந்தாள்,
பாம்புக்குப் பயந்து அண்ணனின் பெரிய பூட்ஸில்,
மண்துளைக் குழாயை என்னைவிட நேராய்ப் பிடித்துக்கொண்டு.
பதினான்கு. பதினைந்து. பதினாறு.
குப்பிக்கு எண் எழுதியபடி,
நிமிராமலே சொன்னாள்:
"பதினேழை விட்டுவிடு.
அதுதான் உன்னிடம் இருக்கிறதே."

பிறகு பதினெட்டுக்குக் கொடி நடப் போனாள்.
நான் அங்கேயே
கரி படிந்த கையோடு நின்றேன்.
"வா, மழை வருகிறது" என்றாள்.