புள்ளிக்கு அப்புறம்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
மழை வந்தால் தெரு எது கால்வாய் எது என்று
லாரிக்காரனுக்கும் தெரியாத ஒரு முனை.
அங்கேதான் எங்கள் பிளேட்டிங் பட்டறை.
ரசாயனக் கணக்கு என் பொறுப்பு,
அதாவது என் போனின் பொறுப்பு.

இலவச ஆப். தனிம அட்டவணை, மோல் எடை,
கரைசல் கணக்கு, எல்லாம் உள்ளே.
கொரட்டூர் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்த அன்றிலிருந்து
ஒரு விரிசல் ஹைட்ரஜனில் புறப்பட்டு
குறுக்கே இறங்கி, வெள்ளியைக் கீறி,
ஈயத்தில் போய் நிற்கிறது.
செம்பு மயிரிழையில் தப்பியது.
கல்லூரியில் நான் எழுதாமல் விட்ட தாள்களெல்லாம்
இப்போது என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தொட்டி மாற்றினோம்.
நானூறு லிட்டர்.
லிட்டருக்குப் புள்ளி எட்டு மோல் மயில்துத்தம்.
மயில்துத்தம் என்றால் அதற்குப் புரியாது;
சியூ, எஸ், ஓ, நாலு என்று
பிடிவாதக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல்
ஒவ்வொரு வாயாக ஊட்ட வேண்டும்.
ஊட்டினேன்.
நூற்று ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு என்றது.
பெருக்கச் சொன்னேன். பெருக்குமுன் ஒரு விளம்பரம்:
சிறுசேரியில் மூன்று படுக்கையறை வீடு,
இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்.
ஐந்து விநாடி காத்திருந்து மூடினேன்.
ஐம்பத்தொரு கிலோ.

கொட்டினோம்.
நள்ளிரவு நீலம் வரவேண்டிய தொட்டியில்
துவைத்துத் துவைத்து வெளுத்த யூனிஃபார்ம் நீலம்.
பெர்க்மான்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை சொன்னார்.
முந்நூறு கதவுக் கைப்பிடிகள், முந்நூறிலும் ஓரம் கருகல்.
ஒன்றை என் மேஜைமேல் வைத்து,
"இதைப் பிடிச்சு எந்தக் கதவைத் தெறக்கப் போற?"

எல்லோரும் போனபிறகு மூட்டையின் லேபிளைப் படித்தேன்.
பெயர் முடிந்த இடத்தில் ஒரு புள்ளி,
கடுகில் பாதி இருக்கும்.
புள்ளிக்கு அப்புறம், ஐந்து நீர்.

படிகத்துக்குள் குடியிருக்கும் தண்ணீர்.
தொட்டால் ஈரமில்லை. கவிழ்த்தால் சிந்தாது.
தராசு மட்டும் அதை விடாமல் எண்ணும்.
நீலமே அதன் தயவுதான்,
சுட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடி.

மறுபடி ஊட்டினேன், புள்ளியோடு.
எண்பது கிலோ என்றது, அதே குரலில்லாத குரலில்.
நான் விட்டது இருபத்தொன்பது.
இருபத்தொன்பது லிட்டர் என்றால்
எங்கள் தெரு அளவையில் இரண்டு குடம்.

லாரி வரும் காலைகளில்
மூடி உடைந்த பச்சை யாருடையது,
கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியது யாருடையது,
வரிசையில் எது நகர்ந்தது, எதை யார் நகர்த்தியது,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.
அப்படிப்பட்ட எனக்கு
இரண்டு குடம் கண்ணில் படவில்லை.

ஆப்பைத் திட்ட வழியில்லை.
கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னது,
மூன்று தசமம்வரை துல்லியமான தப்பு.
வரலாறு என்றொரு பக்கம் உண்டு அதில்.
இரண்டு கணக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கின்றன,
பக்கத்திலேயே குட்டிக் குப்பைத்தொட்டிப் படம்.
விரலைக் கொண்டுபோனேன். பிறகு போனைச் சார்ஜில் போட்டேன்.

சனிக்கிழமை மீதியைக் கொட்டி
பெர்க்மான்ஸ் அண்ணன் துடுப்பால் கலக்கினார்.
நீலம் திரும்பி வர மதியம் ஆனது.
கைப்பிடிகளுக்கான பணம்
மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வார்களாம்.

ஞாயிறு விடியலில் லாரி.
ஹோஸ் பிடித்திருந்தவர் நிமிராமல் கேட்டார், எத்தனை?
ஐந்து என்றேன், யோசிக்காமல்.
வீட்டுக்கு நாலுதாம்மா என்றார்.