குண்டு

தராசில் ஏற முன் செருப்பைக் கழற்றினேன்.
பிறகு கைக்கடிகாரம். பிறகு தலைக் கிளிப் இரண்டு.
நேர்ஸம்மா சிரித்தா.
எழுபத்தெட்டு தசம் நாலு.

டொக்டர் மாத்தறைக்காரர். தமிழைச்
சுடுதேநீர் மாதிரி ஊதி ஊதித்தான் பேசுவார்.
அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு.
சிவப்புக்கும் மேலே, கடதாசி முடிகிற வெள்ளையில்
ஒரு புள்ளி வைத்தார். அது நான்.
"உடற்திணிவுச் சுட்டி" என்றார்,
அந்தச் சொல்லை மட்டும் ஊதாமல்.

அம்மா பையைத் திறந்து
வேறோர் அட்டையை எடுத்தா.
செட்டிகுளம் முகாமில் தந்தது, ஓரமெல்லாம் செல்லரித்தது.
பிறப்பு நிறை ஒன்று தசம் ஒன்பது.
"இதையும் ஒருக்காப் பாருங்கோ ஐயா.
அப்ப என்னட்டப் பாலில்லை.
பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை இவளிலும் மெலிவு..."
அதற்குமேல் சொல்லவில்லை.
அதற்குமேல் என்னவென்று எனக்குத் தெரியும்.
இரண்டாம் அகப்பைச் சோறு தினமும்
அந்தப் பிள்ளையின் பெயரில்தான்
என் கோப்பையில் விழுகிறது.

"பின்னேரம் ஒரு மணித்தியாலம் நடக்கோணும்."
"எங்கை ஐயா?"
மதகடியில் மோட்டார் சைக்கிள் பொடியள்.
வயற்கரையால் போனால்
மண்டையோட்டுப் பலகை இன்னும் கழற்றவில்லை.
ஆறு மணிக்குப் பிறகு யானை.
டொக்டர் பேனையை மூடினார், திறந்தார்.
"அப்ப, வீட்டு முற்றத்தில."
எங்கள் முற்றம் பதினாறு கவடு.
நான் எண்ணியிருக்கிறேன்.

வகுப்பில் எனக்கொரு பட்டம் இருக்கிறது.
வீட்டில் அதைச் சொல்ல ஏலாது.
ஒருநாள் தம்பி படலையில் நின்று
"குண்டக்கா" என்று கத்தினான்.
அம்மா அடுப்படியிலிருந்து
குனிந்தபடி ஓடி வந்து அவனை இழுத்து விழுத்தினா.
சொல்லின் முன்பாதிதான் அவவுக்குக் கேட்டிருக்கிறது.
புட்டு கருகி மணந்தது.
நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம்
மண்ணிலேயே கிடந்தோம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு
ரவீந்திரராசா சேர் என்னைக் கேட்காமலே
பெயரெழுதினார்: குண்டு போடுதல்.
நான் கேட்க நினைத்தது நீளம் பாய்தல்.
மணலில் போய் விழ விருப்பம்.
அங்கே
விழுந்த இடத்தைத்தான் அளப்பார்கள்.

கடைசியில் டொக்டர் என் பக்கம் திரும்பி
"உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார்.
வெள்ளைச் சட்டையின் சிப் இந்தத் தவணையோடு மூடாது,
ரியூசன் வாங்கில் நான் இருந்தால்
நிலோஜினி எழும்பிப் போகிறாள்,
சோறு வேண்டாம் என்றால் அம்மா
இரவில் நித்திரை கொள்வதில்லை.
"ஒண்டுமில்லை" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

மாங்குளம் சந்தியில் அம்மா
வழமைபோல ஒரு பணிஸ் வாங்கினா.
நீட்ட வந்த கை பாதியில் நின்றது.
தானும் கடிக்கவில்லை.
இரண்டு அட்டைகளுக்கும் நடுவில் அதை வைத்துப்
பையை இழுத்து மூடினா.
எனக்குப் பசிக்கவில்லை, உண்மையாகவே.
அவதான் விடியவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஒலுமடு பஸ் வந்தது.
இருவர் இருக்கிற சீற்றில்
யன்னற்கரையை எனக்கு விட்டு
அம்மா நுனியில் இருந்தா,
ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டு.