பதினொன்றாவது அச்சு

மாதையனின் மூக்கு நேர்கோடு இல்லை.
தொப்பூர் இறக்கத்தில் ஒருமுறை
ஸ்டீயரிங் மேலேயே கண்ணயர்ந்ததற்கு
எலும்பு கொடுத்த ரசீது அது.

டாக்டர் சொன்னது: தூக்கத்தில்
மணிக்கு நாற்பத்தொரு முறை நிற்கிறது மூச்சு.
மாதையன் சொன்னது:
"வண்டி ஆஃப் ஆயி ஆஃப் ஆயி ஸ்டார்ட் ஆவுது,
அவ்வளவுதானுங்களே."

சூரமங்கலத்தில், ரயில் போனால்
மேசை நடுங்கும் அறை எங்களுடையது.
சிலிக்கான் ரப்பரைப் பிசைந்து, அழுத்தி, சுட்டு
மூக்குக்கு மெத்தை செய்கிறோம்:
நான், அச்சு வெட்டும் சாதிக்,
கடனை எண்ணும் ரெஜினா.

முதல் அச்சு கன்னத்தில் பிறைக்கோடு போட்டது.
மூன்றாவது, கண்ணுக்குள் காற்றடித்தது.
"ராத்திரி பூரா ஜன்னலோர சீட்டுல
உக்காந்தாப்புல இருக்கு" என்று
சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.
ஐந்தாவது நன்றாகத்தான் இருந்தது,
அவர் மறுபடி மீசை வைக்கும்வரை.
ஏழு, எட்டு, ஒன்பது பற்றி
சாதிக் பேசுவதில்லை.

வாரை இறுக்கினால் ஒழுகாது என்று
நானும்தான் நினைத்திருந்தேன்.
இறுக்க இறுக்க ரப்பரில் மடிப்பு விழுகிறது;
மடிப்பு வழியே சீறுகிறது காற்று.

பத்தாவதை எங்கள் கட்டிலில்
மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தோம்.
பிசிறில்லை. மீட்டர் அசையவில்லை.
ரெஜினா மைசூர்பாகு வாங்கி வந்தாள்.
இரண்டாம் நாள் போன்:
"உஸ்ஸுங்குதுங்க, மறுபடியும்."

அதனால்தான் ஏறினேன் அவர் லாரியில்.
ஏற்காட்டுக்கு வெறும் வண்டி,
காப்பி மூட்டை ஏற்றி இறங்க.
அவர் ஸ்டீயரிங்கில், நடுவில் மனைவி குருவம்மா,
ஓரத்தில் நானும் என் அளவுகோலும்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
குருவம்மா அவரை இடித்து இடித்துப்
பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.
பேச்சல்ல, காவல்.

மேலே பனி. எஸ்டேட் கேட்
விடிந்தால்தான் திறக்கும்.
பின்பலகையில் அவர் உறங்கியதும்
டார்ச்சை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்:
இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கையை மடக்கிக்
கன்னத்துக்குக் கொடுத்து,
இருபத்தாறு வருஷமாகக்
கேபின் அளவுக்கு மடித்துவைத்த உடம்பு.
அமுங்கிய கன்னம் மேலேறி
மாஸ்க்கை நெம்புகிறது.
வலப்பக்கம், ஒடிந்த எலும்பின் ஓரம்,
நகக்கண் அளவுக்கு ஒரு வாசல்.

கணினியில் எப்போதும் பாதி முகம்தான் வரைவேன்.
மீதியைத் திருப்பி ஒட்ட
ஒரே கட்டளை, அரை நொடி.
அந்த அரை நொடியில்தான்
பத்து அச்சும் கெட்டிருக்கின்றன.

பதினொன்றாவது
இடப்பக்கம் தணிந்து வலப்பக்கம் திரண்டு
மேசையில் வைத்தால் ஆடுகிறது,
கிளிமூக்கு மாங்காய் மாதிரி.
"அளவு சரிதானே?" என்று
மூன்று தடவை கேட்டார் சாதிக்.

இன்னொன்றும் மிச்சமிருந்தது.
விட்ட மூச்சு வெளியே போகத் துளைகள் வேண்டும்,
அடைத்தால் அதையே திரும்பக் குடிக்க நேரும்.
ஒழுகக் கூடாத இடத்துக்கும்
ஒழுகியே ஆகவேண்டிய இடத்துக்கும்
நடுவே கால் அங்குலம்.
"அந்தத் தொளை என் கழுத்துக்கு நேரா ஊதுதுங்க,
ஐஸ் வெச்சாப்புல" என்றார் குருவம்மா.
துளைகளை மேல்நோக்கித் திருப்பினோம்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி மலை.
சீறல் இல்லை, குறட்டை இல்லை.
சத்தமே இல்லாததால்
குருவம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை.
எழுந்து உட்கார்ந்தார்.

பின்கண்ணாடியில், அவர் தலைக்கு மேலே,
ஒரு வட்டம் வெளுக்கிறது.
கரைகிறது.
வெளுக்கிறது.
அதில் எதையோ எழுத
விரலைக் கொண்டுபோனவர்
வேண்டாமென்று
சேலைக்குள் இழுத்துக்கொண்டார் கையை.