மூன்று தார்

பம்பின் பச்சை எழுத்தில் 6.0.
மணிக்கு ஆறு மில்லி. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
யார் உடம்புக்குள் போகிறது என்று
அது கேட்பதில்லை.

கேட்க வேண்டியவள் நான்.
ஐம்பது மில்லி சிரிஞ்சில் எட்டு மில்லிகிராம்,
மில்லிக்கு நூற்றறுபது மைக்ரோ.
ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்தால்
நிமிடத்துக்குப் பதினாறு.
அதை ஆளின் எடையால் வகுக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எடை 64.
கேசுவால்ட்டியில் யாரோ
ஸ்ட்ரெச்சரை எட்டிப் பார்த்து எழுதியது.
வீங்கின காலையும் கம்பளியையும்
சேர்த்துப் பார்த்திருப்பார்கள்.
பதினாறை அறுபத்து நான்கால் வகுத்தால் கால்.
சுத்தமான கால். மீதியே கிடையாது.
இரவு ஒன்பதிலிருந்து மணிக்கு ஒருதரம்
கால், கால், கால் என்று எழுதி வருகிறேன்.
இத்தனை சுத்தமாக வரும் கணக்கை
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஹைகிரவுண்டில் மணி மூன்று.
ஆனிக் காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டுகிறது.
இந்தக் காற்றுக்குத்தான் களக்காட்டில்
வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போயிருக்கிறார் சங்கிலிபூதத்தான்.
கம்பு சறுக்கிக் கெண்டையில் ஏறிவிட்டது.
மஞ்சளை அப்பிக்கொண்டு நான்கு நாள் நடந்திருக்கிறார்.

வராண்டாவில் ஆவுடைத்தாய் தூங்கவில்லை.
"அண்ணாச்சி எத்தன கிலோ இருப்பாவ?"
"மிஷின்ல ஏறுனதே இல்லையே சிஸ்டர்."
வலது தோளை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள்,
அதன்மேல் ஏதோ இருப்பதுபோல.
"லாரிக்கு லோடு ஏத்துதவ நான்.
நேத்து ஆட்டோவுல ஒத்தையில நாந்தான தூக்கிப் போட்டேன்.
மூணு ஏத்தந் தாரு கனம்.
அதுக்கு மேல ஒரு சீப்புகூட வராது."
"ஒரு தாரு?"
"நல்ல தாருன்னா பதினாறு."

நிமிடத்துக்குப் பதினாறு மைக்ரோ.
தாருக்குப் பதினாறு கிலோ.
மேலும் கீழும் அடித்துவிட்டால்
மூன்றில் ஒன்று.
காலுக்கு மேலே, அரைக்குக் கீழே,
மூன்று மூன்றாக நீண்டு
முடிய மறுக்கிற எண்.

பம்பில் எதுவும் மாறவில்லை.
அதே ஆறு, அதே பச்சை.
அவர் ரத்தத்தில் இந்த அளவுதான் எப்போதும் ஓடியது.
நாங்கள்தான் ஆறு மணி நேரம்
வேறொரு பெருத்த ஆளுக்கு
வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் கெத்சியாளை எழுப்பினேன்.
"காலைத் தாண்டியாச்சா? அப்போ ரெண்டாவது மருந்து
இப்பவே ஆரம்பிக்கணும்."
கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:
"நாப்பத்தெட்டுன்னு யார் சொன்னா?"
"சுமந்தவங்க."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

64ஐ அடித்து 48 என்று எழுதினேன்.
பக்கத்தில் இரண்டு கட்டங்கள்:
அளந்தது, உத்தேசம்.
பேனா இரண்டுக்கும் நடுவே நின்றது.
விதிப்படி உத்தேசத்தில்தான் டிக் போட்டேன்.

ஏழு மணிக்கு ஏற்றிய சிரிஞ்ச்
இன்னும் சில நிமிடத்தில் தீரும்.
அடுத்ததைக் கலக்க எழுந்தேன்.
அதில் ஆள் கணக்கு வராது,
எட்டும் ஐம்பதும்தான்.
கண்ணாடிக்கு வெளியே அவள்
வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.