விடுமுறையின் முதல் பாதி

பட்டர்வொர்த்தில் ரயில் நகர்ந்த பிறகும்
கையசைத்துக்கொண்டிருந்தேன்.
அவள் பெட்டி கடந்து போயிருந்தது.
வேறொரு ஜன்னலில் யாரோ ஒரு சீனப் பெரியவர்
பதிலுக்குக் கையசைத்தார்.

ஷர்வினிக்குப் பதின்மூன்று.
முதுகுப்பையில் மூன்று சட்டை, சார்ஜர்,
பள்ளி நூலகத்தில் எடுத்த கிரேக்கக் கதைகள்.
நான் கட்டித் தந்த நாசி லெமாக்கிற்கு இடமில்லை,
மடியில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பின் நகல் சமையலறையில்
உளுந்து டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
ஒவ்வொரு பள்ளி விடுமுறையின் முதல் பாதியும்
தந்தையிடம்.
எழுதிய நீதிபதியின் கையில் இடியும் இல்லை
மின்னலும் இல்லை.
சளி பிடித்திருந்தது.
மூக்கைத் துடைத்துக்கொண்டே
என் வருடத்தைப் பிளந்தார்.

ஃபெரியில் திரும்பும்போது
டிமீட்டரை நினைத்துக்கொண்டேன்.
மகளைப் பாதாளத்துக்காரன் கொண்டுபோனதும்
ஒரு விதையையும் முளைக்க விடாமல்
உலகத்தைப் பட்டினி போட்டவள்.
கேட்டவுடனே பிடித்துப்போனது எனக்கு.
தன் துக்கத்துக்கென்று
ஒரு பருவத்தையே வாங்கிக்கொண்டவள்.

பினாங்கில் ஏது குளிர்காலம்?
என் மகள் இல்லாத வாரத்திலும்
பாலேக் பூலாவில் டுரியான் விழும்.
பக்கத்து வீட்டு ரம்புத்தான்
வெட்கமில்லாமல் சிவக்கும்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
என் நுண்ணோக்கிக்கு அடியில்
சில்லுகள் வந்துகொண்டே இருக்கும்.
விடுப்புப் படிவத்தில்
பூமியைத் தரிசாக்க என்று எழுதக் கட்டமில்லை.

நம் பழம்பாட்டுகளிலும் அவள் இருக்கிறாள்,
நற்றாய் என்ற பெயரில்.
மகள் ஒருவனோடு பாலை கடந்து போனபின்
வீட்டில் கிடக்கும் பந்தைப் பார்த்து அழுகிறவள்.
மழையும் விளைச்சலும் கையில் இல்லாத தாய்க்குப்
பந்துதான் மிஞ்சும்.
எனக்குப் பூப்பந்து மட்டை,
கதவுக்குப் பின்னால், நரம்பு ஒன்று அறுந்து.

இவ்வளவும் நினைத்தவள்
நேற்றிரவை நினைக்காமல் இருந்தேன்.

சௌராஸ்தா சந்தையில் வாங்கிய மாதுளை,
பன்னிரண்டு ரிங்கிட், வலைச்சட்டை போட்டது.
உரித்துக்கொண்டே கேட்டேன்:
'பாவம், ஏமாத்தித்தானே தின்ன வச்சான்
அந்த விதைய?'
ஒன்றைப் பல்லில் நசுக்கிவிட்டுச் சொன்னாள்:
'பசிச்சிருக்கும்மா.'

பிறகு, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்,
'மேல இருந்தவரைக்கும் அவ பேரே பொண்ணுதான்.
வெறும் பொண்ணு.
கீழ போனப்புறம்தான் பெர்செபனி.
அங்க ராணி.'

'அப்ப அவளுக்கு அங்கதான் பிடிச்சிருக்கா?'

'யாரு கேட்டா?
அம்மா அழுதாங்க.
அப்பா பேசி முடிச்சாரு.
அவன் தேர ஓட்டினான்.'
கறைபட்ட விரலாலேயே பக்கத்தைப் புரட்டினாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஏழு வயது, கால் தரையில் எட்டாது.
கையில் மைலோ.
உள்ளே அவளைப் பற்றி
எல்லாரும் பேசினோம்.

இரண்டரைக்குச் செய்தி வந்தது.
வந்துட்டேன். அப்பா நிக்கிறாரு.
மாலூரிக்கு எம்ஆர்டி. அடியில போகும், லைன் இருக்காது.

பத்திரம் என்று எழுதி அழித்தேன்.
சாப்பிட்டாயா என்று எழுதி அழித்தேன்.
ஆறு வருடத்தில் கேட்காததைக் கேட்டேன்:
உனக்கு அங்க பிடிச்சிருக்கா?

ஒற்றை டிக்.
பூமிக்கடியில் இருக்கிறாள்.

குளிர்ப்பெட்டியில் மீதி மாதுளை இருந்தது.
நின்றபடியே தின்னத் தொடங்கினேன்,
எண்ணாமல்.